36 டிகிரி அறையில் கேமிங் பிசி: கேபினெட் ஃபேனா, டவர் கூலரா, ஏ.ஐ.ஓ.வா?

யூடியூப் விமர்சனத்தில் ஒரு கூலர் 68 டிகிரி காட்டினால் நம் வீட்டிலும் 68தான் காட்டும் என்று நம்பி வாங்குகிறவர்கள் ஏராளம். அந்தச் சோதனைகள் பெரும்பாலும் 21 முதல் 24 டிகிரிக்குள் வைத்த அறையில் நடப்பவை. சித்திரை வெயிலில் ஏசி இல்லாத சென்னை அறை இரவு பத்து மணிக்கும் 33, 34-ஐ விட்டு இறங்க மறுக்கும். வேலூர், மதுரைப் பக்கம் பகலில் இன்னும் மோசம். எந்தக் கூலரும் செய்வது ஒரே வேலை: பிராசஸரின் சூட்டை எடுத்துச் சுற்றியிருக்கும் காற்றிடம் கொடுப்பது. அந்தக் காற்று 14 டிகிரி கூடுதலாகச் சுட்டால் பிராசஸரும் ஏறத்தாழ அதே 14 டிகிரி ஏறும். 22 டிகிரி அறையில் 68 காட்டிய கூலர் 36 டிகிரி அறையில் 82 காட்டுவது கூலரின் பழுது இல்லை, கணக்கு.

தண்ணீர் ஓடுகிறது என்பதற்காக ஏ.ஐ.ஓ. எனப்படும் லிக்விட் கூலர் இந்தக் கணக்கிலிருந்து தப்பிவிடாது. அதன் ரேடியேட்டரும் அதே அறைக் காற்றைத்தான் வாங்குகிறது.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். கேம் ஆடுவதற்கான பிசி என்றால் முதல் 2,000, 3,000 ரூபாய் கேபினெட்டின் காற்றோட்டத்துக்குப் போக வேண்டும். அதற்கடுத்த 4,000 ரூபாய் இரட்டை டவர் கூலருக்கு (உலோகத் தகடுகளை இரண்டு கோபுரமாக அடுக்கி, ஃபேன் வைத்த காற்றுக் கூலர்). ஏ.ஐ.ஓ. சில குறிப்பிட்ட நிலைமைகளில் மட்டும். கடைக்காரர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கித்தான் விற்பார்கள். கண்ணாடிக் கேபினெட்டுக்குள் ஒளிரும் ரேடியேட்டர் ஷோகேஸில் அழகாக இருக்கிறதே!

சூடு எங்கிருந்து வருகிறது

பிராசஸர்களை முதலில் பார்ப்போம். ரைசன் 5 7600 எவ்வளவு முக்கினாலும் 88 வாட்டைத் தாண்டாது. இன்டெல் ஐ5-12400எஃப்-இன் உச்சம் 117 வாட். ரைசன் 7 7800எக்ஸ்3டி-க்கு வரம்பு 162 வாட் என்றாலும் கேமில் அது எடுப்பது பெரும்பாலும் 50 முதல் 80 வாட்தான். ஐ7-14700கே, ஐ9-14900கே இரண்டும் வேறு ஜாதி: உச்சம் 253 வாட், கேமில்கூட 120, 150 என்று போகும்.

இப்போது பக்கத்தில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டைப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட். 4070 சூப்பர் 220. 5070 டிஐ 300. 5090 ஒன்றே 575 வாட். கேம் ஓடும்போது கேபினெட்டுக்குள் எரிவதில் மூன்றில் இரண்டு பங்கு கிராபிக்ஸ் கார்டுடையது. அந்தச் சூட்டைக் கார்டின் ஃபேன்கள் வெளியே தள்ளுவதில்லை, கேபினெட்டுக்குள்ளேயே கொட்டுகின்றன. அதற்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கும் பிராசஸர் கூலர் அந்தச் சுடுகாற்றைத்தான் மூச்சாக இழுக்கிறது.

எவ்வளவு சுடும் என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு. வாட்டை 1.76-ஆல் பெருக்கி, கேபினெட் வழியாக உண்மையில் போகும் காற்றின் அளவால் (சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி) வகுத்தால், உள்ளே வந்த காற்று எத்தனை டிகிரி சூடாகி வெளியேறுகிறது என்று கிடைக்கும். 7800எக்ஸ்3டி, 4070 சூப்பர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து 320 வாட் என்று வையுங்கள். 60 சிஎஃப்எம் காற்று போனால் 9 டிகிரிக்கு மேல் உயர்வு. 120 போனால் 5-க்குள். பெட்டியில் 60 சிஎஃப்எம் என்று அச்சிட்ட 120 மி.மீ. ஃபேன், தூசி வடிகட்டிக்கும் முன்பலகைக்கும் பின்னால் மாட்டப்பட்டதும் அதில் பாதியைக் கொடுத்தாலே பெரிது.

36 டிகிரி அறை, 9 டிகிரி உயர்வு: உங்கள் கூலருக்குக் கிடைப்பது 45 டிகிரி வரை சுடும் காற்று. இந்த நிலையில் 12,000 ரூபாய் ரேடியேட்டரை உள்ளே மேல்தட்டில் மாட்டினால் அதற்கும் அதே காற்றுதான்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

ஏற்கெனவே பிசி இருக்கிறது, சூடாகிறது, என்ன வாங்குவது என்று யோசிப்பவர்களுக்கு இந்த அரைமணி நேரச் சோதனை பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும். வெப்பத்தைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வையுங்கள். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) பிராசஸர் ஃபேனையும் கேபினெட் ஃபேன்களையும், கார்டைக் கட்டுப்படுத்தும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கார்டின் ஃபேனையும் 70 சதவீதம்போல ஒரே வேகத்தில் பூட்டுங்கள். இதைச் செய்யாவிட்டால் வெப்பம் குறைவதற்குப் பதில் ஃபேன் வேகம் குறைந்து உங்களை ஏமாற்றிவிடும். ஒரே கேம், ஒரே காட்சி, 20 நிமிடம். பிராசஸர், கார்டு இரண்டின் வெப்பத்தையும் குறித்துக்கொண்டு பக்கக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இன்னும் 15 நிமிடம் ஓட்டுங்கள்.

இரண்டும் 6, 8 டிகிரி இறங்கினால் கேபினெட் மூச்சுத் திணறுகிறது. கூலரைத் தொடவே வேண்டாம், ஃபேன் வாங்குங்கள். இரண்டு, மூன்று டிகிரிதான் இறங்கியது, பிராசஸர் இன்னும் 90-ஐச் சுற்றி நிற்கிறது என்றால் கேபினெட்டில் குறையில்லை. கூலரோ, அது உட்கார்ந்த விதமோ, கூலருக்கும் பிராசஸருக்கும் இடையில் பூசும் பேஸ்டோதான் காரணம்.

கண்ணாடியைக் கழற்றியே விட்டுவிடலாமே என்ற யோசனை வரும். வேண்டாம். தூசி ஒரு பக்கம், பல்லி இன்னொரு பக்கம். மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் கதகதப்புக்கு ஒண்டவந்த பல்லி ஃபேனில் சிக்கிக் கிடப்பது சர்வீஸ் கடைகளில் அன்றாடக் காட்சி.

கேபினெட்

முன்பக்கம் முழுக் கண்ணாடி, ஓரத்தில் ஒரு விரல் அகலப் பிளவு: இப்படிப்பட்ட கேபினெட்டில் மூன்று ஃபேன் இருந்தும் பயன் குறைவு. முன்பக்கம் வலை இருக்க வேண்டும். மலிவுக் கேபினெட்டோடு இலவசமாக வரும் ஆர்ஜிபி ஃபேன்களில் பல, எஸ்எம்பிஎஸ்ஸின் மோலக்ஸ் இணைப்பில் நேரடியாகச் செருகுபவை. வேகம் மாற்ற முடியாது, காற்றும் சொற்பம். 4 பின் பிடபிள்யூஎம் ஃபேன்களாக வாங்கி மதர்போர்டில் செருகினால் பயாஸிலிருந்து கட்டுப்படுத்தலாம். சூடான அறையில் ஸ்லீவ் பேரிங் ஃபேன்கள் சீக்கிரம் கரகரக்கத் தொடங்கும் என்பதால் ஃப்ளூயிட் டைனமிக் பேரிங் என்று போட்டதைத் தேடுங்கள்.

முன்னால் 120 மி.மீ. மூன்று அல்லது 140 மி.மீ. இரண்டு உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியேற்ற. இதற்கு மேல் சேர்ப்பதில் பலன் வேகமாகக் குறைகிறது. மேல்தட்டில் ஃபேன் வைப்பதானால் பின்கோடி இடத்தில் மட்டும். முன்கோடியில் வைத்தால், முன்னாலிருந்து வரும் குளிர்ந்த காற்று கூலரை அடையும் முன்பே மேலே உறிஞ்சப்பட்டுப் போய்விடும். கூடுதல் ஃபேன் போட்டும் வெப்பம் குறையவில்லை என்பவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம். உள்ளே வரும் காற்று வெளியேறுவதைவிடச் சற்று அதிகமாக இருந்தால், வடிகட்டி இல்லாத இடுக்குகள் வழியே தூசி நுழையாது.

மீன்தொட்டிக் கேபினெட் என்று சொல்லப்படும், முன்னும் பக்கமும் கண்ணாடியான ரகம் பிடித்திருந்தால் அடித்தட்டில் உள்ளிழுக்கும் ஃபேன் கட்டாயம். அது கார்டுக்கு நேராகக் காற்றைக் கொடுக்கும். அந்த இடத்தை வெறுமையாக விட்டு ஓரத்தில் மட்டும் மாட்டினால் கார்டு வேகும்.

ஸ்டாக் கூலரும் ஒற்றை டவரும்

ரைசன் 5 5600, 7600 ஆகியவற்றோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் அலுமினியக் கட்டி. சூட்டைக் கடத்தும் குழாயான ஹீட்பைப் கிடையாது. 22 டிகிரி நாட்டில் அது சமாளிக்கும், இங்கே மே மாதம் ஜெட் விமானமாகக் கத்தும். 12400எஃப்-உடன் வரும் இன்டெல் கூலரும் அதே தரம். அதன் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று சரியாக இறங்காமல் ஒரு மூலை தூக்கி நிற்பதும் மிகச் சாதாரணம். மதர்போர்டைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் நான்கும் சமமாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

டீப்கூல் ஏகே400 போன்ற ஒற்றை டவர்: நான்கு ஹீட்பைப், ஒரு 120 மி.மீ. ஃபேன், 155 மி.மீ. உயரம், விலை ஏறத்தாழ 2,000 முதல் 3,000 ரூபாய். 7600, 5600, 12400எஃப் வைத்திருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். அட்டைப்பெட்டியில் 220 வாட் தாங்கும் என்று போட்டிருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த அறை வெப்பத்தில், எந்த பிராசஸரில் என்று சொல்லாத வாட் கணக்கை இரண்டு கம்பெனிகளுக்கிடையே ஒப்பிடவே முடியாது. நம் அறையில் 100, 120 வாட் வரை நிம்மதி என்று வைத்துக்கொள்வது நல்லது.

இரட்டை டவர்

தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் 120 எஸ்இ வந்த பிறகு இந்தச் சந்தையே மாறிப்போனது. ஆறு ஹீட்பைப், இரண்டு ஃபேன், 155 மி.மீ. உயரம், 4,000 ரூபாயை ஒட்டிய விலை. இரு மடங்கு விலை சொன்ன பழைய ராஜாக்களோடு ஓரிரு டிகிரி வித்தியாசத்தில் நிற்கிறது. அதே கம்பெனியின் பாண்டம் ஸ்பிரிட் 120 எஸ்இ-இல் ஏழு ஹீட்பைப். டீப்கூல் ஏகே620-இன் உயரம் 160 மி.மீ. நோக்டுவா என்எச்-டி15 165 மி.மீ., ஃபேன்களோடு 1.3 கிலோவுக்கு மேல். அதன் தரத்தில் சந்தேகமில்லை. இங்கே விற்கும் விலையில் அதை வாங்கக் காரணம் தேட வேண்டியிருக்கிறது.

இரண்டு அளவுகளைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். கேபினெட்டின் விவரத்தில் கூலர் உயர வரம்பு இருக்கும். 160 என்று போட்டிருந்தால் 155 மி.மீ. கூலர் சுகமாக உட்காரும், 165 கண்ணாடியில் முட்டும். இரண்டாவது ரேம். ஒளிரும் ரேம்கள் 44 மி.மீ. வரை உயரம், சாதாரண ரேம் 32 மி.மீ. ரேம் உயரமாக இருந்தால் முன் ஃபேனை மேலே தூக்கி மாட்ட வேண்டிவரும். தூக்கிய அளவுக்குக் கூலரின் மொத்த உயரமும் கூடும், கேபினெட் கணக்கு மறுபடி மாறும். இடிக்கிறது என்றால் முன் ஃபேனைக் கழற்றிவிட்டு நடு ஃபேனோடு மட்டும் ஓட்டுங்கள். இழப்பு சில டிகிரிதான்.

ஏ.ஐ.ஓ.

7800எக்ஸ்3டி வைத்திருப்பவர்கள்தான் 360 மி.மீ. ஏ.ஐ.ஓ.வுக்கு அதிகம் ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்குத்தான் அது குறைந்த பலன் தரும். அந்த பிராசஸரில் சூடு பிறக்கும் சில்லின் பரப்பு 70 சதுர மி.மீ. அளவே. அதன் மேல் கேஷ் நினைவகம் ஒரு மாடியாக ஏற்றப்பட்டிருக்கிறது, அதற்கும் மேல் தடித்த உலோக மூடி. தடை அங்கேதான். சூடு மூடியை வந்தடைந்த பிறகு அதை வாங்கிக்கொள்வது நல்ல டவருக்கும் எளிது, ரேடியேட்டருக்கும் எளிது. அதனால் கேமில் இரண்டுக்கும் இடையே சில டிகிரிக்கு மேல் வேறுபாடு வராது. 9800எக்ஸ்3டி-இல் கேஷைச் சில்லுக்கு அடியில் மாற்றிவிட்டார்கள். சூடு எளிதாக வெளியேறுகிறது, உச்ச வெப்ப வரம்பும் 89-இலிருந்து 95 டிகிரிக்கு உயர்ந்தது.

ஏ.ஐ.ஓ. உண்மையிலேயே தேவைப்படுகிற இடங்கள் உண்டு. 14700கே, 14900கே, ரைசன் 9 7950எக்ஸ் போன்றவற்றில் வீடியோ ரெண்டரிங், பிளெண்டர் என்று 200 வாட்டுக்கு மேல் மணிக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் அங்கே முதலில் வருவார்கள். டவருக்கு உயரம் இல்லாத, ஆனால் ரேடியேட்டருக்கு இடம் விட்ட சிறிய கேபினெட் இன்னொன்று. விடுதிக்கும் வீட்டுக்கும் பிசியைத் தூக்கி அலைபவர்களுக்கும் ஏற்றது, பேருந்து குலுக்கலில் ஒரு கிலோ டவர் மதர்போர்டை இழுக்காது. சத்தத்திலும் ஒரு சௌகரியம் இருக்கிறது. தண்ணீர் சூடேற நிமிடங்கள் ஆகும் என்பதால், ஃபேன் திடீர் திடீரென்று ஏறி இறங்காது.

240 மி.மீ. ஏ.ஐ.ஓ. 6,000 முதல் 9,000 ரூபாய். குளிர்ச்சியில் நல்ல இரட்டை டவருக்குச் சமம் அல்லது ஒரு படி மேல், அதோடு பம்ப் என்ற இன்னொரு பழுதாகும் பொருள். அழகுக்காக என்றால் சரி, வெப்பத்துக்காக என்றால் இந்த அளவு வீண். எடுப்பதானால் 360, அது 8,000-இல் தொடங்கி 15,000 வரை போகிறது.

மாட்டும் இடம் முக்கியம். மேல்தட்டில், வெளியே தள்ளும் விதமாக. சாதாரண ரேடியேட்டர் 27, ஃபேன் 25, மொத்தம் 52 மி.மீ. இடம் வேண்டும். ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீஸர் 3-இன் ரேடியேட்டர் 38 மி.மீ. தடிமன் என்பதால் 63. மதர்போர்டின் மேல்விளிம்பில் உள்ள ஹீட்சிங்க் இடிக்குமா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். முன்பக்கம் மாட்டினால் பிராசஸருக்குக் குளிர்ந்த காற்று கிடைக்கும், கார்டுக்குச் சுடுகாற்று போகும். கேமில் கார்டுதான் முக்கியம் என்பதால் இது நட்டம். அடித்தட்டில் மாட்டவே கூடாது. உள்ளே இருக்கும் சிறிதளவு காற்று எப்போதும் உயரமான இடத்துக்குப் போகும். அந்த உயரமான இடம் ரேடியேட்டராக இருக்க வேண்டும். பம்ப்பாக இருந்தால் முதலில் களகள சத்தம் கேட்கும், பிறகு பம்ப் சாகும்.

எச்610, ஏ620 போன்ற மலிவு மதர்போர்டுகளில் இன்னொரு சிக்கல். பிராசஸருக்குப் பக்கத்திலுள்ள மின்சீரமைப்புப் பகுதிக்கு அவற்றில் பலவற்றில் ஹீட்சிங்க் இருக்காது. டவர் கூலரின் காற்று போகிற வழியில் அதையும் ஆற்றும். ஏ.ஐ.ஓ. மாட்டியதும் அங்கே காற்றே அசையாது. மலிவு போர்டில் விலையுயர்ந்த ஏ.ஐ.ஓ. என்பது பொருந்தாத ஜோடி.

ஆயுளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குழாய்ச் சுவர் வழியே நீர் மிக மெதுவாக ஆவியாகிக்கொண்டே இருக்கும், சூட்டில் சற்று வேகமாக. பெரும்பாலானவற்றில் மறுபடி நிரப்ப வழியில்லை. ஐந்து முதல் ஏழு ஆண்டு என்று வையுங்கள். நல்ல கம்பெனிக்கும் சறுக்கும்: 2022-இல் ஆர்க்டிக் தன் லிக்விட் ஃப்ரீஸர் 2-இன் ஒரு பகுதியில் கேஸ்கட் குறை இருப்பதை ஒப்புக்கொண்டு மாற்றுப் பாகங்களை இலவசமாக அனுப்பியது. டவரில் கெட்டுப்போகக்கூடியது ஃபேன் ஒன்றுதான், அதைச் சென்னை ரிச்சி தெருவில் ஆயிரம் ரூபாய்க்குள் மாற்றிவிடலாம். ஏ.ஐ.ஓ. போனால் வாரண்டியில் போய்த் திரும்பும் வரை பிசி இல்லை. அதற்காகவாவது பிராசஸரோடு வந்த ஸ்டாக் கூலரைத் தூக்கிப் போடாமல் பரணில் வையுங்கள்.

தனித்தனிப் பாகங்களாக வாங்கிக் கட்டும் கஸ்டம் லூப் பொழுதுபோக்கு. இந்த ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை.

செலவில்லாத வழி

14 டிகிரியை எந்தக் கூலரும் திருப்பித் தராது. சூடு பிறப்பதையே குறைத்தால் தருகிற பலன் அதைவிடப் பெரிது. மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் என்றால் ஃபிரேமை 141-இல் நிறுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத 220 ஃபிரேமுக்காகக் கார்டு எரிவது நிற்கும். ஆஃப்டர்பர்னரில் கார்டின் மின் வரம்பை 80, 85 சதவீதத்துக்கு இறக்கினால் ஃபிரேம் இழப்பு பெரும்பாலும் 5 சதவீதத்தை ஒட்டியே இருக்கும், ஆனால் 220 வாட்டில் 40 வாட் போய்விடும். 142 வாட் வரை போகும் ரைசன் 7 7700எக்ஸை பயாஸில் உள்ள, மின் வரம்பைக் குறைக்கும் ஈகோ மோடில் 88 வாட்டுக்கு இறக்கினால் கேமில் வித்தியாசம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரைசனின் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 15-இல் தொடங்குங்கள். அளவு மீறினால் பெரும்பாலும் கேமில் அல்ல, சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும், அதைப் பார்த்து எஸ்எம்பிஎஸ் மேல் பழி போட வேண்டாம். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை கே ரகங்களுக்கு, 2024 ஆகஸ்டிலிருந்து வந்த மைக்ரோகோட் (பிராசஸரின் உள்நிரல்) திருத்தங்கள் கொண்ட பயாஸை முதலில் ஏற்றிவிட்டுத்தான் வெப்பத்தைப் பற்றியே பேச வேண்டும்.

அறையில் ஏசி இருந்தால், 500 வாட் எடுக்கும் பிசி ஒரு டன் ஏசியின் திறனில் ஏழில் ஒரு பங்கை விழுங்கும் என்பது நினைவிருக்கட்டும். தண்ணீர் ஊற்றும் ரூம் கூலரின் ஈரக்காற்றை நேராகப் பிசி மேல் திருப்பாதீர்கள்.

மாட்டும்போது

கூலர் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டுவது இன்றும் நடக்கிறது. பேஸ்ட் நடுவில் பட்டாணி அளவு போதும். பழையதைத் துடைக்க ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், சானிடைசர் கூடாது, அதிலுள்ள பசை படிந்துவிடும். திருகுகளைக் குறுக்காக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரு பக்கத்தை முதலிலேயே முழுக்க இறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். ஃபேனில் சட்டக்கம்பிகள் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம், அது கேபினெட்டின் பின்புறம் பார்த்திருக்க வேண்டும்.

பழைய ரைசன்களுக்கான ஏஎம்4 சாக்கெட் போர்டில் பழைய கூலரைக் கழற்றும் முன் பத்து நிமிடம் கேம் ஓட்டிப் பேஸ்டை இளக்குங்கள். அணைத்த பிறகு இடமும் வலமுமாக லேசாகத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் பிராசஸர் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். புதிய ஏஎம்5-இல் இந்தப் பயம் இல்லை. ஆனால் அங்கே பின்தகடு கழற்ற முடியாதது என்பதால், சொந்தப் பின்தகடு கேட்கும் பழைய கூலர்கள் பொருந்தாது.

ஏ.ஐ.ஓ. பம்ப்பைப் பம்ப் இணைப்பில் செருகி முழு வேகத்தில் ஓடவிடுங்கள், ரேடியேட்டர் ஃபேன்களைப் பிராசஸர் ஃபேன் இணைப்பில். அந்த இணைப்பு வெறுமையாக இருந்தால் போர்டு தொடங்கும்போதே பிழை காட்டி நிற்கும். பின்னாளில் பிசி தொடங்கிய ஒரே நிமிடத்தில் பிராசஸர் 95-ஐத் தொட்டு, இரண்டு குழாய்களில் ஒன்று சுட்டு மற்றொன்று சில்லென்று இருந்தால் பம்ப் நின்றுவிட்டது. பேஸ்ட் மாற்றிப் பார்ப்பதில் நேரத்தைப் போக்காமல் வாரண்டிச் சீட்டைத் தேடுங்கள்.

தெருத் தூசி வரும் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வடிகட்டியை அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாடில்லாமல் சுழலவிட்டால் பேரிங் போய்விடும்.